பட்டறைச் சுவிட்ச் பலகை அணியியல்

இவ்வியல் என்னுதலிற்றோ எனின், இரு சக்கர வாகனப் பட்டறைகளில் சுவிட்ச் பலகைக்கு மேல்மூடி செய்து அழகுபடுத்தும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று. வீட்டுச் சுவிட்ச் இவ்வாய்வுக்குப் புறம்பு. அதைத் தொடுவது கழுவிய கை. வரலாறு எழுத அங்கே எதுவும் மிஞ்சுவதில்லை.

பட்டறைக்கு அழகு எதற்கு என்று கடாவுவார் உளர். அவர்க்கு விடை: அழகு செய்யப்படாத பலகை பட்டறையில் கிடையாது. உரிமையாளர் செய்யாவிட்டால் கிரீஸ் செய்துவிடும். செயின் ஸ்பிராக்கெட்டைக் கழற்றிய கை, துணியைத் தேடுமுன் வெளிச்சத்தைத்தான் தேடும். திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டாலும், வேண்டும்போது அது வண்டிக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கும். லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்த பேக்கலைட்டில் கறுப்புச் சுவிட்ச் செய்துகொண்டிருந்த காலத்தில் இந்தச் சிக்கல் யார் கண்ணிலும் படவில்லை. சுவிட்சை வெள்ளையாக்கியவர்களே இத்துறையின் உண்மையான நிறுவனர்கள்.

ஐந்து சுவிட்ச் உள்ள பலகை ஒன்றைச் சான்றாகக் கொள்க. முதலாவது டியூப் லைட்டுக்கு உரியது. அதன் கீழ்ப்பாதி கருமை, மேல்பாதி வெளுப்பு. என்னை? நம் நாட்டில் கீழே தட்டினால் எரியும், மேலே தட்டினால் அணையும். லைட் போடுவது வேலை நடுவே, அழுக்குக் கை. அணைப்பது வீட்டுக்குக் கிளம்பும்போது, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்த கை. அமெரிக்காவில் மேலே தள்ளினால்தான் எரியும். எனவே அங்குள்ள கராஜ்களில் மேல்பாதியே கறுத்திருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. நேரில் போய்ச் சரிபார்க்க இதுவரை யாரும் நிதி தரவில்லை.

கம்ப்ரஸருக்கான 16 ஆம்பியர் சுவிட்சில் மேலும் கீழும் ஒரே கருமை; பஞ்சர் வண்டி வரும்போதெல்லாம் போட்டு, காற்று ஏறியதும் அணைப்பதால். ஃபேன், பிளக் ஆகியவை இடைநிலை. ஐந்தாவது சுவிட்ச் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அது எதற்கு என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது.

ஆயுத பூஜையன்று ஸ்பேனர், வைஸ், கம்ப்ரஸரோடு பலகைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. சுண்ணாம்புச் சுவரில் வைத்த பொட்டு சீக்கிரம் உதிர்ந்துவிடும். கிரீஸில் ஒட்டிய குங்குமம் உதிராது. அதன்மேல் அடுத்த ஆண்டு கிரீஸ், அதன்மேல் அடுத்த பொட்டு. நகத்தால் சுரண்டினால் கீழடிக் குழிபோல அடுக்கு அடுக்காக வரும்.

இனி மூடி செய்யுமாறு. பழைய நம்பர் பிளேட்டை வெட்டி மாட்டுவதே சிறப்பு என்பது ஒரு சாராரின் கொள்கை. அவர்கள் கணக்கு வலுவானது. இரு சக்கர வாகனப் பின்புற பிளேட் 200க்கு 100 மி.மீ.; எட்டங்குலப் பலகையின் அகலம் 203 மி.மீ. பத்துக்கு எட்டுப் பலகையில் இரண்டு பிளேட்டை மேலும் கீழுமாக வைத்தால் 54 மி.மீ. மிஞ்சும், அது முருகன் ஸ்டிக்கருக்கு. பெயின்டர் கையால் எழுதிய எண்களின் அழகும் மறுக்க முடியாதது. 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பிளேட் கட்டாயமாகிவிட்டதால், கையெழுத்துப் பிளேட் இனி அருகிவரும் மூலப்பொருள்.

ஆயினும் அக்கொள்கை பொருந்தாது. பிளேட் அலுமினியம். மரப் பெட்டியில் எர்த் தொடர்பு இராது. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் தளர்ந்து தகட்டில் பட்டால், எண்ணின் ஒவ்வோர் எழுத்திலும் 230 வோல்ட் நிற்கும். எர்த் வயரைத் தகட்டோடு முறையாக இணைப்போர்க்கு விலக்கு உண்டு. அப்படி இணைப்பவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே சன்மைக்காவே துணிவு. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்தபின் பழைய மூடியைக் கழற்றுக. அதையே அச்சாக வைத்துக் கோடிட்டு, ஹேக்சா பிளேடின் முனையால் முகப்புப் பக்கம் அழுத்திக் கீறி, கீறல் வழியே ஒடிக்க. சுவிட்சுக்கான கட்டத்தில் நான்கு மூலையும் துளையிட்டு நடுவை எடுத்து, அரத்தால் ராவுக. மூலையில் துளையிடாமல் வெட்டினால் அங்கிருந்து விரிசல் ஓடும். படம் ஒட்டி வார்னிஷ் அடிப்பவர்கள் திருகாணித் தலையை மூடலாகாது. மூடினால் அடுத்த முறை வரும் எலக்ட்ரீஷியன் வேலைப்பாட்டை அறுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

ஐந்தாவது சுவிட்சுக்குத் துளை வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேண்டாம் எனத் துணிந்த பட்டறை ஒன்றில் அதை மேலே தட்டி அணைத்து, மேலே சன்மைக்காவைப் போட்டு, வார்னிஷும் அடித்து முடித்தார்கள். கால்மணி நேரத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் வந்து நின்றார்.

“அண்ணே, எங்க கடையில மட்டும் கரண்ட் போச்சு. உங்களுக்கு இருக்கா?”