நடுரோட்டு கார்பரேட்டர் சாஸ்திரம்

பழைய அம்பாசடர் வழியில் நின்றால் முதலில் பானட்டைத் திறக்க வேண்டும். பழுது தெரிவதற்கல்ல, ஆள் சேர்வதற்கு. பாளையங்கோட்டையில் ஐந்தே நிமிடத்தில் நான்கு நிபுணர்கள் கூடிவிடுவார்கள். மிதவை அறையில் தூசி என்பார் ஒருவர். ஜெட் அடைப்பு என்பார் இன்னொருவர். மூன்றாமவர் அதைக் கழற்றி, வாயால் ஊதியே விட்டிருப்பார். ஊசி வால்வு சிக்கிப் பெட்ரோல் வழிந்தால் ஸ்பானரால் செல்லமாக ஒரு தட்டு. நான்காமவரின் சிறப்புப் பாடம் அது.

சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழி மறிக்கும். பம்ப்பின் மேல் ஈரத்துணி போதும். சுலோசனா முதலியார் பாலத்தில் நிற்கும் கார் பாக்கியம் செய்தது, கீழேயே தாமிரபரணி. 1843-லேயே இதற்கென்று பாலம் திறந்து வைத்த முன்யோசனையை மெச்ச வேண்டும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பம்ப்பின் பழைய ரப்பர் டயாபிரத்தை அரிக்கும், ஈரத்தை உறிஞ்சி டாங்கியில் தண்ணீரும் சேர்க்கும். குழாயடியில் குடத்தோடு நிற்பவர்களுக்கு இல்லாத வசதி.

எல்லாம் முடிந்து கார் உறுமியதும் நிபுணர்கள் நால்வரும் ஏறிக்கொள்வார்கள். ஜங்ஷன் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்தானே. உரிமையாளர் அந்த பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்திருப்பார்.