கோடையில் கேரம் பலகையைச் சுற்றி நிற்றல்: வடசென்னை சார்ந்த ஓர் ஆய்வு

இராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை நீளும் கடலோரப் பட்டையின் பொழுதுபோக்குகளைப் பற்றி எழுதுகிறவர்கள் தொடர்ந்து ஒரே பிழையைச் செய்துவருகிறார்கள். கானா என்றால் பாடுகிறவர், குத்துச்சண்டை என்றால் குத்துகிறவர், கேரம் என்றால் சுண்டுகிறவர் என்று ஆடுகிற ஆளோடு நின்றுவிடுகிறார்கள். வெற்றிமாறனின் ‘வடசென்னை’ (2018) படத்திலும் கேரம் ஆடும் அன்புதான் நாயகன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள். எந்தத் தெருமுனையிலும் எண்ணிப் பார்த்துவிடலாம்: ஒரு பலகையில் அதிகம் போனால் நான்கு பேர் ஆடலாம், சுற்றி நிற்பதற்கு அப்படியொரு வரம்பை வகுக்க யாரும் துணிந்ததில்லை. பெரும்பான்மையைத் தள்ளிவிட்டுச் சிறுபான்மையை ஆராய்வது முறையாகாது. ஆகவே இக்கட்டுரை நிற்கிறவர்களை எடுத்துக்கொள்கிறது. ஆடுகிறவர்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் குறிப்பிடப்படுவார்கள்.

கோடையில் மட்டும் ஏன் இவ்வளவு கூட்டம் என்பதற்கு விடை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன்கீழ், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017-இல் 61 நாளாக நீட்டப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பது அரசின் நோக்கம். பெருகியது மீன் மட்டும்தானா என்று யாரும் கேட்கவில்லை. காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக்கிடக்கும். அவற்றின் ஆட்கள் காலையில் வலை சரிபார்ப்பார்கள், எஞ்சினைப் பிரிப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் என்ன செய்வது என்று சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை. அதே வாரங்களில் பள்ளிக்கூடங்களுக்கும் லீவு விட்டுவிடுகிறது. தியாகராயா கல்லூரிப் பையன் செமஸ்டரை எழுதி முடித்தோ, எழுதாமலே முடித்தோ வீட்டுக்கு வந்துவிடுகிறான். மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிட்டால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் எவராலும் உட்கார முடியாது. தாத்தா, அப்பன், பேரன் மூவரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்து சேருவது இப்படித்தான். பழைய 45 நாளில் ஒருவர் வேடிக்கை பார்ப்பவர் என்ற நிலையைத்தான் எட்ட முடிந்தது, நிபுணர் ஆவதற்கு அந்தக் கூடுதல் 16 நாள் தேவைப்பட்டது என்பது இவ்வாய்வாளரின் கருதுகோள். மீன்வளத்துறை இதற்கு உரிமை கோர முன்வரவில்லை.

பலகை எங்கே வைக்கப்படுகிறது என்பதை முதலில் தீர்மானிப்பது பல்பு. தகர மூடி போட்டு, பலகையின் நடுவட்டத்துக்கு நேர் மேலே தொங்கும் அந்த பல்புக்கு எந்த வீட்டிலிருந்து ஒயர் வருகிறதோ, அந்த வீட்டுப் பையன் எவ்வளவு மோசமாக ஆடினாலும் அடுத்த செட்டில் சேர்த்துக்கொள்ளப்படுவான். வடக்கே அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் மட்டுமே 1,830 மெகாவாட் திறன் கொண்டவை. சாம்பல் இந்தப் பக்கத்தாருக்கு, மின்சாரம் எல்லாருக்கும் என்ற ஏற்பாட்டில், சிகப்புக் காய் குழியின் வாயில் வந்து நிற்கும் நொடியில்தான் இங்கே கரன்ட் போகும். அப்போது யாரும் கலைவதில்லை. “எல்லாரும் கைய மேல தூக்கு” என்று ஒரு குரல் வரும், நாலு செல்போன் டார்ச்சுகள் எரியும். இருட்டில் காய்கள் தாமாக நகரக்கூடியவை என்று இரண்டு அணிகளும் தனித்தனியே சாட்சியம் அளித்துள்ளன.

அடுத்தது காற்று. மதியத்துக்கு மேல் கடல்காற்று இறங்கினால்தான் வெளியே நிற்க முடியும். ஆனால் அதே காற்று பவுடரைக் கிளப்பிக்கொண்டு போகும். அதனால் காற்று ஆளுக்குப் படவேண்டும், பலகைக்குப் படக்கூடாது. கட்டடக் கலையில் இது எளிய சிக்கல் அல்ல. சந்தின் வாயில் சுவருக்கு ஒட்டினாற்போலத் தார் டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் பலகையை வைத்து, கடல் பக்கமாகப் பருத்த உடல்காரர் ஒருவரை நிறுத்துவது வழக்கமான தீர்வு. அவருக்கு ஆட்டம் தெரியவேண்டிய அவசியமில்லை.

பவுடரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கலாகாது, காய் 5 முதல் 5.5 கிராம். இந்த அளவுகள் எல்லாம் உலகம் முழுவதும் ஒன்று. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-இல் பிறந்ததே சென்னையில்தான் என்பதால் இதில் நமக்கு ஓரளவு பெருமையும் உண்டு. ஆனால் கூட்டமைப்பு குளிர்சாதன அரங்கை மனதில் வைத்து விதி எழுதியது. திருவொற்றியூரில் உப்பும் ஈரமும் கலந்த காற்று பலகையில் படிந்து, சுண்டிய காய் பாதி வழியில் களைத்து நின்றுவிடும். கடலுக்கு எவ்வளவு கிட்டே பலகையோ அவ்வளவு போரிக் பவுடர் என்பதை ஒரு விதியாகவே வகுக்கலாம். அதற்கு ‘இராயபுரம் விதி’ என்று பெயரிடுகிறேன். இவ்விதிக்கு ஒரு துணைவிதி: போட்ட பவுடர் போதுமா போதாதா என்ற விவாதம் ஒரு செட் ஆடி முடிக்கிற நேரத்தைவிட அதிகம் எடுக்கும். விவாதத்தில் ஆடுகிறவர்களுக்கு இடமில்லை.

இனி, நிற்கிறவர்களின் வகைகள். முதல் வகையினர் சொல்லிக்கொடுப்பவர்கள். இவர்கள் ஆடுகிறவரின் வலத் தோளுக்குப் பின்னால் நிலைகொண்டு, அவர் குறிபார்த்து விரலை மடக்கியபின் வாய் திறப்பார்கள்.

“கட் வேணாம் மச்சான். லைட்டா தொடு, அதுவே போய்டும்.”

காய் போகாது.

“லைட்டாதான தொடச் சொன்னேன்?”

எந்தத் திசையில் தவறினாலும் இந்த வாக்கியம் பொருந்துகிறது என்பது கவனிக்கத்தக்கது. இவர்களிலேயே மூத்தவர்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. காய் தவறியபின், “நான் அப்பவே நெனச்சேன் நைனா” என்பார்கள். நினைத்ததற்கு ஆதாரம் கேட்பது தெருப் பண்பாட்டில் இல்லை.

இரண்டாவது வகையினர் பேசவே மாட்டார்கள், உச்சுக் கொட்டுவார்கள். சாதாரணக் காய் தவறினால் ஒன்று. சிகப்பை எடுத்துவிட்டு, அதை உறுதிசெய்யும் ஃபாலோ காயைப் போட முடியாமல் போனால், நீளமாக, நெஞ்சிலிருந்து. ஆடுகிறவரின் தன்னம்பிக்கையை வெறும் நாக்கால் உடைக்கும் இந்தத் திறனுக்கு எந்தச் சங்கமும் பதக்கம் தருவதில்லை.

மூன்றாவது வகையினரை வரலாற்றாசிரியர்கள் என்று அழைக்கலாம். இவர்கள் தற்போதைய ஆட்டத்தைப் பார்ப்பது, பழைய ஆட்டங்களைச் சொல்வதற்கு இடைவெளி தேடித்தான். மரியா இருதயம் சென்னைக்காரர், இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996-இல் கேரத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர். இவை பதிவான செய்திகள். அவரோடு ஒரே பலகையில் ஆடியதாகச் சொல்கிறவர் இந்தப் பகுதியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அத்தனை பேரோடும் அவர் ஆடியிருந்தால் உலகப் போட்டிக்குப் போக அவருக்கு நேரம் கிடைத்திருக்காது. இருந்தாலும் ஒருவர்கூடத் தாம் அவரை வென்றதாகச் சொல்வதில்லை. “ரெண்டு போர்டு தாக்குப்பிடிச்சேன்” என்றுதான் சொல்கிறார்கள். பொய்யில் இவ்வளவு அடக்கம் வேறெங்கும் காணக் கிடைக்காது.

டீ வாங்க அனுப்பப்படும் சிறுவர்கள், “அடுத்த செட் நான்” என்று ஏப்ரலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர்கள், பைன் கட்டவேண்டிய காயைக் கட்டினார்களா என்று கணக்கு வைப்பவர்கள் ஆகியோரைப் பற்றி இடநெருக்கடி காரணமாக விரித்துரைக்கவில்லை.

இந்த நிற்கும் ஆற்றல் ஒரு கோடையில் வந்ததாக இருக்க முடியாது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து கிளம்பியது. ஏறிப் போனவர்களைவிடப் பார்த்து நின்றவர்கள் அதிகம் இருந்திருப்பார்கள் என்று கருத இடமுண்டு. 1949 செப்டம்பரில் இதே இராயபுரத்தின் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது. கூட்டம் கலையவில்லை. அரசியல் வரலாற்றாசிரியர்கள் அதற்குக் கொள்கைப் பற்று காரணம் என்கிறார்கள். அதை மறுக்கவில்லை. மழையில் அசையாமல் நிற்கத் தெரிந்த ஊரில் கூட்டம் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று மட்டும் இங்கே பணிவோடு சேர்க்கிறேன்.

போட்டியாக வேறு கோடை நிகழ்ச்சிகள் இல்லாமல் இல்லை. ஏப்ரல் பிறந்தவுடன் ஒவ்வொரு கட்சியும் தண்ணீர்ப் பந்தல் திறக்கும். திறப்பு நாளில் தர்பூசணி, வெள்ளரி, நுங்கு, மோர், கேமராக்காரர். மூன்றாம் நாள் ஒரு பானையும் சங்கிலியில் கட்டிய டம்ளரும். அடுத்த வாரம் தலைவர் படம். அங்கேயும் மக்கள் நிற்கிறார்கள்தான். ஆனால் அது வரிசை, தர்பூசணி கிடைத்ததும் முடிந்துவிடும். பலனை எதிர்பாராமல் நிற்பது கேரம் பலகை ஒன்றில்தான் நடக்கிறது. கீதை படித்தவர்கள் யாரும் இதைப் பார்க்கக் காசிமேடு பக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

மதியக் காட்சிக்குப் போய் ஏசியில் தூங்கிவிட்டு வரும் வழக்கமும் சுருங்கிவிட்டது. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. தரைக்கடியில் தியாகராயா கல்லூரி நிலையத்தில் குளிர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே சும்மா நிற்கிறவரிடம் “எங்க போவணும்?” என்று செக்யூரிட்டி வந்து கேட்பார். எங்கும் போகவேண்டாம் என்பது நிற்றலின் அடிப்படை நிபந்தனை என்பதால் மெட்ரோவை இவ்வாய்வு நிராகரிக்கிறது.

இவ்வாய்வில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பலகையைச் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஆனால் 2008-இல் உலகச் சாம்பியன் ஆன இளவழகி, வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். காசிமா ஆட்டம் கற்றது தந்தையின் பயிற்சி மையத்தில். அதாவது, தோளுக்குப் பின்னால் நின்று “லைட்டா தொடு” என்று சொல்ல ஆளில்லாத இடத்தில். தெருமுனையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தும் வராத தங்கம் அங்கே எப்படி வந்தது என்ற கேள்வியை நிற்போரிடமே வைத்தேன். “அந்தப் பொண்ணு நம்ம ஏரியாதானே” என்று அதையும் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள்.

பெண்கள் வாசற்படிகளில் இருக்கிறார்கள். குடங்களை வரிசையாக வைத்து மெட்ரோ வாட்டர் லாரிக்குக் காத்துக்கொண்டு, பலகையைச் சுற்றி நிற்பவர்களை அங்கிருந்து கவனிக்கிறார்கள். நிற்பவர்களைக் கவனிப்பதில் இவ்வாய்வாளருக்கு முன்னோடிகள் அவர்கள்தான். அவர்களது ஆய்வு முடிவுகள் இரவு ஒன்பதரை மணி அளவில் வாய்மொழியாக வெளியிடப்படும்.

“யோவ், அங்கயே படுத்துக்கோ. பாய் குடுத்தனுப்பவா?”

இந்த ஒரு குரலில் கூட்டம் ஒருவர் குறையும். அடுத்த நிமிடத்தில் இன்னும் ஐந்து பேர், தங்கள் வீட்டுக் குரல் எழும் முன்பாக, தாமாகவே கலைவார்கள்.

ஜூன் 14 நள்ளிரவில் தடை விலகும். ஐஸ், டீசல், தண்ணீர் ஏற்றிக்கொண்டு விசைப்படகுகள் கிளம்பிவிடும். மறுநாள் மாலை பலகைக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், பின்னால் யாரும் இல்லை. காய்கள் மளமளவென்று குழிக்குள் போயின. சிகப்பு போனது, அடுத்த அடியிலேயே ஃபாலோவும் போனது. கோடை முழுக்க நான் கண்டிராத சுத்தமான ஆட்டம். அரை மணியில் முடிந்தது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு செட் போடலாமா என்று பல்பு வீட்டுப் பையன் கேட்டதற்கு, “படகு வரட்டும்டா” என்று சொல்லிவிட்டு ஒருவர் பவுடர் டப்பாவை மூடினார்.