மண் பூசிய காலமும் மெருகு பூசும் காலமும்

வன்னியில் வாகனம் மினுங்கினால் உயிருக்கு ஆபத்து என்றிருந்த காலம் ஒன்று உண்டு. கிபிர் குண்டுவீச்சு விமானங்கள் வந்து போன நாட்களில் பொனற்றிலும் கூரையிலும் சேற்றை அள்ளிப் பூசினோம். வெயில் பட்டுத் தெறிக்கும் என்று கண்ணாடிக்கும் சேறு; ஓட்டுகிறவர் பார்க்க ஒரு சாண் இடம் மட்டும் விட்டோம். மேலே வேப்பங்குழையும் பாலைக்குழையும் கட்டினோம். புதுப் பெயின்ற் அடித்த வாகனம் வைத்திருந்தவருக்குத்தான் கவலை கூட.

இன்று அதே வன்னியில், ஏ9 வீதியோரம், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும், விற்பனைக்கு நிற்கும் பழைய கார்களில் முகம் பார்க்கலாம். ஒரு கீறல் இருந்தால் வாங்க வந்தவர் ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்கிறார். அதற்குப் பயந்து விற்கிறவர் கீறலை மறைக்கிறார். இந்த இரண்டு காலத்தையும் பார்த்தவன் நான். இன்றைய பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1990 இல் போர் மீண்டும் மூண்ட பிறகு பெற்றோல் எங்கள் பக்கத்துக்கு வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அமுக்கம் குறைந்த பழைய என்ஜின்கள்தான் இதைத் தாங்கின. மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிஜ்ஜுக்கும் அந்த நாளில் இருந்த மதிப்பு அதனால் வந்தது.

அப்பா வாங்கியதும் ஒரு மொறிஸ் மைனர்தான். கார் சாம்பல் நிறம், இடப்பக்கக் கதவு கறுப்பு. பின் மட்காட்டில் ஷெல் துண்டு போன ஓட்டையைத் தகரம் வைத்து ஒட்டியிருந்தார்கள். கறுப்புக் கதவைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. புகையின் நிறத்தைப் பார்த்தார், ரயரைப் பார்த்தார், மண்ணெண்ணெயில் மேட்டில் ஏறுமா என்று ஓட்டிப் பார்த்தார். கூட வந்த மெக்கானிக் அண்ணை சொன்னது இதுதான்: "தம்பி, என்ஜின் நல்லாக் கிடக்கு. மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விடுங்கோ." விற்றவரும் எதையும் ஒளிக்கவில்லை. எந்த இடத்தில் எப்போது துண்டு பட்டது என்பதை அவரே சொன்னார்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 திறந்தது. தெற்கிலிருந்து ஹைஏஸ் வான்கள் வந்தன. அப்போதுதான் எங்கள் ஊரில் முதன்முதலாக வாகனத்தின் நிறத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்த ஆசை நான்கு வருடம் நிலைத்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை மூடியது. பிறகு இடம்பெயர்வு: உழவு இயந்திரப் பெட்டியிலும் லாண்ட்மாஸ்டரிலும் வீட்டுக்கூரைத் தகரம் முதல் நெல் மூட்டை வரை ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போய், 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியே வந்தோம். லொறி, வான், மோட்டார் சைக்கிள், சைக்கிள் என்று கடற்காற்றில் அவை துருப்பிடித்துக் கிடந்தன.

இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பியபின், தங்கள் வாகனத்தைத் தேடிப் போனவர்கள் உண்டு. அதிகாரிகள் கேட்டது பதிவுப் புத்தகமும் செசி நம்பரும். ஆனால் எரிந்தும் நசிந்தும் கிடந்த அத்தனைக்குள் தங்களுடையதைக் கண்டுபிடிக்க மக்களுக்கு உதவியது பழைய காயங்கள்தான். பெயின்ற் போய்விட்டது, நம்பர் தகடு இல்லை. உழவு இயந்திரப் பெட்டியின் மூலையில் பற்றவைத்த வளைந்த தையலைப் பார்த்து "இது என்ர" என்று எங்கள் அயலவர் ஒருவர் அடையாளம் சொன்னார். அதன் பிறகுதான் செசி நம்பரைச் சுரண்டிப் பார்த்தார்கள். நம்பர் சரியாக இருந்தது.

அப்படிக் காயத்தால் சொந்தப் பொருளைக் கண்டுகொண்ட ஊர், இன்று காயத்தை அழிப்பதற்குக் காசு செலவழிக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையிலிருந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனம் வாங்கிய விலையை விடக் கூடின விலைக்குப் போனது. பதினைந்து வருடம் ஓடிய காரும் பட்டி வைத்து, பெயின்ற் அடித்து, கட் அன்ட் பொலிஷ் செய்து புதிதாக வந்து நின்றது. கனடாவிலிருந்து காசு அனுப்புகிற மாமா வட்ஸ்அப்பில் பார்க்கிறார். கைத்தொலைபேசித் திரையில் மினுக்கம் தெரியும், பட்டி தெரியாது.

கீறல் ஒரு குற்றமில்லை. கல் தெறித்த புள்ளி, ஒழுங்கையில் முள்வேலி உரசிய கோடு, சந்தையில் சைக்கிள் பெடல் இடித்த சிறு பள்ளம் ஆகியவை கார் ஓடியதற்கு அடையாளம். ஓட்டத்தை அவை பாதிக்காது. பயப்பட வேண்டியவை வேறு. பெயின்ற்றுக்குக் கீழே கொப்புளம் போல எழும்பும் துரு அவற்றில் ஒன்று. முல்லைத்தீவுக் கரையோரம் நின்ற வாகனம் என்றால் கதவின் அடிவிளிம்பையும் தரைவிரிப்புக்குக் கீழேயும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து நிறம் மறுபக்கத்தோடு ஒத்துப்போகாமல் இருந்தால், கதவின் இடைவெளி மேலே ஒடுங்கிக் கீழே அகன்றிருந்தால், பொனற் பிணைச்சலின் ஆணித்தலையில் பெயின்ற் உடைந்திருந்தால், அங்கே ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைக் கேட்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

பார்ப்பதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். கழுவி ஈரம் காயாத காரைப் பார்க்கக் கூடாது. ஈரம் கீறலை மறைக்கும். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கதவில் வைத்தால், பட்டி தடித்த இடத்தில் அது பிடிக்காமல் வழுக்கும். பம்பர் பிளாஸ்ரிக் என்பதால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது. கதவு ரப்பரை விலக்கினால் பிறகு அடித்த பெயின்ற்றின் ஓரம் தெரியும்.

எங்கள் வீதிகளில் ஓடுகிற கார்களில் பல ஜப்பானில் பாவித்தபின் வந்தவை. அங்கே ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. காரின் படத்தில் கீறல் உள்ள இடத்தில் ஏ என்றும், நசிந்த இடத்தில் யூ என்றும், திருத்திய இடத்தில் டபிள்யூ என்றும், மாற்றிய பாகத்தில் இரட்டை எக்ஸ் என்றும் குறிப்பார்கள். பக்கத்தில் எண் போட்டால் அது காயத்தின் அளவு. விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார் என்றால் தரத்துக்கு ஆர் என்று விழும். அத்தனையும் தெரிந்தே ஏலம் கேட்கிறார்கள், கார் விற்றும் போகிறது.

அப்படி ஒரு தாளை நாங்களும் எழுதலாம். விற்கிறவர் ஒரு கொப்பித் தாளில் காரைக் கோட்டுப்படமாகக் கீறி, காயம் உள்ள இடங்களைக் குறித்து, எப்போது பட்டது, என்ன திருத்தினோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்கட்டும். முழுப் பெயின்ற் அடிக்கிற காசில் பிரேக்கையும் ரயரையும் பார்க்கட்டும். வாங்குகிறவரும் உண்மை சொன்னவரிடம் கீறலைக் காட்டி அடிமாட்டு விலை கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை அவர் ஒளிப்பார். அந்தக் காரை எங்கள் பிள்ளைகளில் ஒருவர்தான் வாங்குவார்.