நிலாவில் வவ்வால் மனிதர்களைக் குடியேற்றுவது எப்படி?

பொய்ச் செய்தி எழுதப் பழகுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே பொய்யைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது. 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் 'சன்' நாளிதழ் ஆறு பகுதிகளாக வெளியிட்ட நிலாக் கதையைப் படித்துத் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நிலாவில் ஒரு புழுகூடக் கிடையாது. எல்லாம் தொலைநோக்கிப் புராணம்தான்: 24 அடி விட்டத்தில் வில்லை, ஏறக்குறைய 7 டன் எடை, 42,000 மடங்கு உருப்பெருக்கம். வாசகருக்குக் கொட்டாவி வர வேண்டும். கொட்டாவி விடுகிறவர் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

அடுத்து, சாட்சி. ஆள் நிஜமாக இருக்க வேண்டும். ஆனால் கைக்கு எட்டக் கூடாது. சர் ஜான் ஹெர்ஷல் பேர்போன வானியலாளர். அப்போது நன்னம்பிக்கை முனையில் உண்மையாகவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சங்கதி அவர் காதுக்குப் போய் மறுப்பு திரும்பி வருவதற்குள் பத்திரிகை விற்றுத் தீர்ந்துவிடும். செய்திக்கு மூலமாக ஓர் எடின்பரோ அறிவியல் இதழைக் காட்டினார்கள். அது ஏற்கெனவே நின்றுபோன இதழ். மூடிய கடையிலிருந்து யார் வந்து சண்டை போடுவார்கள்?

இனி உயிர்களை வரிசையாக இறக்கலாம். முதலில் பூ, பிறகு காட்டெருமை, அதன்பின் நீல நிற ஒற்றைக்கொம்பு ஆடு. மூன்றாம் நாள் இரண்டு காலில் நடக்கும் பீவர் என்ற கொறிவிலங்கு வந்தது. குட்டியை மனிதரைப் போலக் கையில் ஏந்தியிருந்தது. அதன் குடிசையிலிருந்து புகை வந்ததாம். அந்தப் புகைக்காகவே எழுதியவருக்கு மாலை போடலாம். வவ்வால் மனிதர்கள் பறந்து வந்தது நான்காம் நாளில்தான். அவர்களுடைய சில கேளிக்கைகள் நம் நாகரிகத்துக்கு ஒவ்வாதவை என்று சொல்லி விவரத்தை வெட்டிவிட்டார்கள். அச்சிட்டதை நம்பாதவரும் அச்சிடாததை நம்பியிருப்பார்.

யாராவது தொலைநோக்கியைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினால்? கொளுத்திவிடுங்கள். வெயில் வில்லை வழியே குவிந்து ஆய்வுக்கூடத்தை எரித்ததாகக் கதையை முடித்தார்கள்.

கையில் கேமரா இருந்தால் இத்தனை பாடு வேண்டாம். 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி, சுவிட்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி பறிப்பதாகப் படம் காட்டியது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பியின் கனத்த குரல் மீதியைப் பார்த்துக்கொண்டது. வீட்டில் எப்படி வளர்ப்பது என்று கேட்டவர்களும் உண்டு.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நடுங்க வேண்டாம். நிலாக் கதையை எழுதியவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்று பின்னர் தெரிந்தது. 'சன்' பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1890 இல் 'சிகாகோ ட்ரிப்யூன்', இந்தியாவில் ஒரு பையன் அந்தரத்தில் நின்ற கயிற்றில் ஏறி மறைந்ததை நேரில் பார்த்ததாக ஒரு செய்தி போட்டது. நான்கு மாதம் கழித்து, விற்பனைக்காகக் கட்டிய கதை என்று தானே ஒப்புக்கொண்டது. அதை யார் படித்தார்கள்? 1934 இல்கூட லண்டன் மந்திரவித்தைக்காரர்களின் 'மேஜிக் சர்க்கிள்' சங்கத்தார், அந்த வித்தையைச் செய்துகாட்டுகிறவருக்கு 500 கினி தருவதாக அறிவித்தார்கள். பணம் செலவாகவில்லை.