கேடயத்தை உரியவரிடம் ஒப்படைக்கக் கோரும் மனு

பெறுநர்: இயக்குநர் அவர்கள், குடும்ப நலத் துறை, சென்னை.

ஐயா,

சிவப்பு முக்கோணம் வரைந்தும், லாரி முதுகெல்லாம் 'நாம் இருவர் நமக்கு இருவர்' எழுதியும் தங்கள் துறை பட்ட பாட்டை நாடறியும். ஆனால் 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளை. இரண்டு வரை இறக்கியது தாங்கள். அதற்குக் கீழே இறக்கியது எங்கள் மகளுடைய பள்ளியின் ஃபீஸ் கவுன்டர்.

எல்.கே.ஜி.க்குக் கட்டண நிர்ணயக் குழு சொன்ன தொகைக்கு ஒரு ரசீது. மீதிக்கு வெள்ளைத்தாளில் பென்சில் கணக்கு: ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், வேன், புதன்கிழமைக்கென்று தனிச் சீருடை, கராத்தே. கராத்தே வகுப்பில் பாப்பா தூங்கிவிடுகிறாள். தூக்கத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம்.

மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி நாலு பிள்ளைகளை ஆளாக்கினார். நாலும் அரசுப் பள்ளி. எங்களுக்கு இரண்டு சம்பளம், ஒரே பிள்ளை, மாதக் கடைசியில் அவர் பென்ஷனில் கைமாற்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம். ஏழை என்று சொல்லிக்கொள்ளவும் எங்களுக்குத் தகுதி இல்லை.

அரசுப் பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் உண்டு என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அபார்ட்மென்ட் லிஃப்டில் "பாப்பா எந்த ஸ்கூல்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அரசுப் பள்ளியில் படித்து முன்னுக்கு வந்தவர்களுக்கே உரிய வியாதி இது.

2024 அக்டோபரில் திருவான்மியூரில் 31 ஜோடிகளுக்குக் கல்யாணம் நடத்திவைத்த முதல்வர் மு.க. ஸ்டாலின், மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறையுமே என்ற மறுவரையறைக் கவலையில், பதினாறு பிள்ளை பெற்றால்தான் என்ன என்று வேடிக்கையாகக் கேட்டார். என் கணவர் உடனே பதினாறு வேன் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தார். இரண்டாவது பிள்ளைக்காகக் கருமாரியம்மனிடம் வேண்டிக்கொள்ளச் சொல்கிறார் அத்தை. வேண்டலாம், வரம் அம்மன் கொடுப்பாள், டொனேஷனை யார் கொடுப்பது?

ஆகவே, தங்கள் துறையின் கேடயம் ஒன்றை மேற்படி கவுன்டருக்கு வழங்குமாறும், 2009 கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி நிர்ணயித்த கட்டணத்தைத் தனியார் பள்ளி வாசல்தோறும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். இரண்டாவது கோரிக்கை நிறைவேறும்வரை இரண்டாவது பிள்ளை பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
ஒற்றைப் பிள்ளைத் தாய்,
திருவேற்காடு.