கைப்பிடிச் சுவரை இடிச்சாச்சு

ஏலே பேராண்டி, வாயெல்லாம் பல்லா நிக்கியே, என்ன சங்கதி? பிளஸ் டூவுல கணக்கு எடுக்காதவனும் இன்ஜினியருக்குப் படிக்கலாமாமே! டெல்லியில ஏஐசிடிஇ-ங்கிற தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்காரங்க 2021-22-க்குப் போட்ட கையேட்டுல அப்படித்தான் இருந்துச்சுன்னு டீக்கடையில பேப்பர் வாசிச்சாங்க. மொத்தம் 14 பாடம். அதுல எதையாவது மூணைப் படிச்சு 45 சதவீதம் வாங்கினாப் போதும்னு இருந்துச்சாம். இடஒதுக்கீட்டுப் பிள்ளைகளுக்கு 40. உயிரியல் இருந்துச்சு, வணிகம்கூட இருந்துச்சு. விவசாயத்தையும் சேத்ததுல எனக்கு ரொம்ப சந்தோசம். ஐம்பது வருசமா உழுதிருக்கேன், எனக்கும் ஒரு சீட்டு கேட்டுப் பாரு.

வாசலை மாத்துறது புதுசில்ல. 1984-ல நுழைவுத் தேர்வுன்னு நம்ம தமிழ்நாட்டு சர்க்கார் ஒரு கதவு போட்டுச்சு. 2007-ல அதைக் கழட்டிடுச்சு. அது நல்லது, கோச்சிங்குக்குத் துட்டு இல்லாத நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழி விட்டுச்சு. கணக்கு வேணாங்கிற இந்த வாசலை அப்படிச் சொல்ல மனசு வரல. கிணத்துக் கைப்பிடிச் சுவரை இடிச்சா இறங்க லேசுதான். ஆழத்தை யாருலே தூர்த்தா?

உள்ள போனதும் முதல் செமஸ்டர்லயே எம்-1னு ஒரு கணக்குப் பாடம் உக்காந்திருக்கும். மேலத்தெருப் பையன் ஒருத்தன் பிளஸ் டூ கணக்குல நல்ல மார்க் வாங்கிப் போனவன். நாலாவது வருசமும் அந்த அரியரைச் சுமந்துக்கிட்டு அலைஞ்சான். உனக்கு மட்டும் அது மாப்பிள்ளை விருந்தா வைக்கும்?

அதுக்குத்தான் பிரிட்ஜ் கோர்ஸ் இருக்கே தாத்தாங்கியா? ரெண்டு வருசம் வாத்தியார் தொண்டை கிழிய நடத்துறதை, காலேஜுல கொஞ்ச நாள்ல ஊட்டி விட்டுருவாங்களாக்கும். ஒத்த மழைக்குக் கதிர் விட்ட கம்பை இந்தக் கரிசல்ல நான் பாத்ததில்ல.

இதுல வேடிக்கை என்னன்னா, நாலாபக்கமும் சத்தம் கிளம்பினதும், கட்டாயம் இல்ல, வேணுங்கிற மாநிலம் வச்சுக்கிடலாம்னு அந்த ஏஐசிடிஇ-காரங்களே ஒரு எட்டு பின்னால போயிட்டாங்க. நம்ம கவுன்சிலிங்ல கட்-ஆஃப் பழையபடிதான்: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கணக்கைத் தொடாம அந்த 200-ஐ எப்படிலே கூட்டுவே?

உங்க அக்கா படிச்ச பதினொண்ணாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பரண்ல கிடக்கு, பழைய பேப்பர்க்காரனுக்கு நான் போடல. ஏணியைப் பிடிச்சுக்கிடுதேன், ஏறு.