ரெண்டு மடங்கு பாயின்ட் யாருக்கு?

2011 ஏப்ரல் 13, மொஹாலி. சென்னை சூப்பர் கிங்ஸ் 188 ரன் அடித்துவிட்டுத் தெம்பாகப் பந்து வீச வந்தது. எதிரே பஞ்சாப் அணியின் பால் வல்தாட்டி. அதுவரை அந்தப் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. 63 பந்து. 120 ரன். கடைசி வரை அவுட் ஆகவில்லை. அந்த சீசன் முழுக்க 463 ரன். அடுத்த சீசனில் அவரைத் தேட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் தேடுவதற்கும் ஆளில்லை.

இது அவர் குற்றமில்லை. இந்த ஆட்டம் அப்படி. ஸ்வப்னில் அஸ்னோத்கர் 2008இல் ராஜஸ்தானுக்கு 311 ரன் அடித்தார். அதே வருஷம் மன்பிரீத் கோனி நம்ம சென்னைக்கு 17 விக்கெட் எடுத்தார். 2012 ஃபைனலில் மன்விந்தர் பிஸ்லா சேப்பாக்கத்துக்கே வந்து, நம்ம கண் முன்னாலேயே 89 அடித்துக் கோப்பையைக் கொல்கத்தாவுக்குத் தூக்கிக் கொடுத்தார். இன்று இந்த மூன்று பெயரையும் வினாடி வினாவில்தான் கேட்கலாம்.

ஒரு சீசனில் வெடித்தவர் அடுத்த சீசனிலும் வெடிப்பாரா? யாருக்கும் தெரியாது. கோடிகளைக் கொட்டி ஆள் எடுப்பவர்களுக்கே தெரியாது. ஒவ்வொரு ஐபிஎல் அணிக்கும் ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்கிறவர்கள் உண்டு, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவர்கள் உண்டு, லேப்டாப் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. ஏலத்தில் அவர்கள் கையைத் தூக்கும் அழகைப் பார்த்தால் எதிர்காலம் பத்திரமாக அவர்கள் பாக்கெட்டில் இருப்பதுபோல் இருக்கும்.

வருண் சக்கரவர்த்தியைப் பாருங்கள். டிஎன்பிஎல்லில் மதுரைக்கு ஆடிக் கலக்கினார். 20 லட்சம் அடிப்படை விலையில் இருந்தவரைப் பஞ்சாப் 8.4 கோடிக்கு வாங்கியது. 2019இல் ஒரே ஒரு மேட்ச். முதல் ஓவரிலேயே 25 ரன். சீசன் முடிந்ததும் வழியனுப்பிவிட்டார்கள். கொல்கத்தா பாதிக்கும் குறைவான விலையில் எடுத்தது, 2020இல் 17 விக்கெட் விழுந்தது. சரி, ஆள் நிலைத்துவிட்டார் என்றார்கள். 2021 டி20 உலகக்கோப்பையில் மூன்று மேட்ச், ஒரு விக்கெட்கூட இல்லை. சரி, ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். 2023இல் 20 விக்கெட். 2024இல் 21. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் 9. நிலைப்பார் என்றபோது சறுக்கினார், முடிந்தார் என்றபோது எழுந்தார். நிபுணர்கள் இரண்டு முறையும் தப்பு. சம்பளம் மட்டும் தப்பவில்லை.

நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டு வந்தவர். 2017இல் 3 கோடிக்கு வாங்கிய பஞ்சாப்பே பெரிதாகப் பயன்படுத்தவில்லை. 2018, 2019 இரண்டு சீசனும் ஹைதராபாத் பெஞ்சில். 2020இல் 16 விக்கெட். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் இந்தியாவுக்கு மூன்று வகை ஆட்டத்திலும் ஆடிவிட்டார். பிறகு முழங்கால் அறுவை. அதிலிருந்தும் எழுந்து 2024இல் 19 விக்கெட். டெல்லி 10.75 கோடி கொடுத்து எடுத்தது. எடுத்து 2025இல் எத்தனை மேட்ச் ஆடவைத்தது? இரண்டு. பத்தே முக்கால் கோடி கொடுத்தவருக்கே அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆனால் மேடவாக்கம் மேம்பாலத்துக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, அடுத்த ஆர்டர் எப்போது விழும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் இந்த நாடு பல வருஷம் நம்பிய சித்தாந்தம். நீதிமன்றம் நம்பியது. கிரிக்கெட் வாரியம் நம்பியது. வரித்துறை மிக உறுதியாக நம்பியது.

ட்ரீம் லெவன் மாதிரி ஆப்களில் காசு கட்டி ஆடிய ஃபேன்டசி கிரிக்கெட் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 100 கிரெடிட்டுக்குள் பதினொரு பேரைத் தேர்ந்தெடு. கேப்டனுக்கு ரெண்டு மடங்கு பாயின்ட், வைஸ் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. 49 ரூபாய் கட்டு. முதல் பரிசு கோடி. டாஸ் போட்டதும் யார் ஆடுகிறார்கள் என்று தெரியும், அரை மணி நேரத்துக்குள் டீமை மாற்று. அந்த அரை மணி நேரம் சோழிங்கநல்லூரில் ஷிப்ட் முடித்தவன் கம்பெனி வேனில் மாற்றினான். பெரும்பாக்கம் குடியிருப்பில் மேல் மாடிக்குப் படியேறியவன் மூச்சு வாங்கிக்கொண்டே மாற்றினான். "டீம் போட்டாச்சா?" என்பது "சாப்பிட்டாச்சா?"வுக்கு முன்னால் வந்துவிட்டது. "நிச்சய டீம்" விற்க டெலிகிராமில் தனிக் கடையே இருந்தது. நிச்சயமாகத் தெரிந்தவன் எதற்கு அதைச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறான் என்று கேட்க யாருக்கும் அவகாசமில்லை. டாஸுக்கு நேரமாகிவிட்டது.

இதற்குத் திறமை என்று பெயர் வைத்தது யார்? 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம். வீரர்களை அலசி ஆராய்ந்து அணி அமைப்பது அறிவு சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்றது தீர்ப்பு. ரொம்பச் சரி. அப்படியானால் ஒரே மேட்சுக்கு ஒருவரையே இருபது டீம் வரை போடவிட்டது எதற்கு? திறமைசாலிக்கு ஒரு டீம் போதாதா?

அப்புறம் எல்லைப் பிரச்சினை. ஆந்திரா 2020இல் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. ஆக, ஜிஎன்டி ரோட்டில் வடக்கே போனால் ஆரம்பாக்கம் வரைக்கும் திறமை, தடாவில் குற்றம். நடுவில் ஒரு சோதனைச்சாவடி.

இனி நம்ம ஊர் மகிமை. 2015இல் லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸை இரண்டு வருஷம் வெளியே உட்கார வைத்தது. அணி நிர்வாகத்தைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பன் பெட்டிங் கட்டியதாக நிரூபணமான குற்றத்துக்குத் தண்டனை. சென்னை அழுதது. நாம் எல்லோரும் அழுதோம். 2018இல் அணி திரும்பி வந்தது. அதே 2018இல் அணியின் தலைவர் தோனி ட்ரீம் லெவனின் விளம்பர முகமாக வந்து மூளையைப் பயன்படுத்தி விளையாடச் சொன்னார். ஐந்து வருஷத்துக்கு முன் கட்டியது பெட்டிங். இப்போது கட்டுவது மூளை. வித்தியாசம் புரியாதவர்கள் கிரிக்கெட் தெரியாதவர்கள்.

வாரியத்துக்கு நன்றாகவே புரிந்தது. கிரிக்கெட்டில் காசு கட்டும் வீரனைத் தூக்கி எறிய அதனிடம் ஊழல் தடுப்புப் பிரிவு இருக்கிறது. 2020இல் அதே வாரியம் ஐபிஎல் பெயருக்கு முன்னால் ட்ரீம் லெவனை 222 கோடிக்கு ஒட்டியது. 2023இல் இந்திய அணியின் நெஞ்சிலேயே 358 கோடிக்குப் போட்டது. 2024இல் இன்னொரு ஆப்பான மை லெவன் சர்க்கிள் வருஷம் 125 கோடிக்கு ஐபிஎல்லுக்குள் வந்தது. வீரன் கட்டினால் தடை. ரசிகன் கட்டினால் சட்டையில் எம்ப்ராய்டரி. விளம்பரத்தின் கடைசி சில வினாடியில் பண இழப்பு, பழக்கம், பொறுப்பு என்று ஒரு குரல் மூச்சுவிடாமல் ஓதியது. ஐயர் சங்கல்பத்தை அவசரமாகச் சொல்வதுபோல். எச்சரித்தாயிற்று. இனி நீ ஆச்சு, உன் கடன் ஆப் ஆச்சு.

தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் இதில் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ரொம்பச் சுறுசுறுப்பாக ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள். 2020 நவம்பரில் அவசரச் சட்டம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2022 அக்டோபரில் நீதிபதி சந்துரு குழுவின் பரிந்துரையோடு புது மசோதா. ஆளுநர் ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் கையெழுத்து. இடையில் கடனாளியாகிச் செத்தவர்களின் செய்தி பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சட்டத்தின் அட்டவணையைத் திறந்து பார்த்தால் இரண்டு பெயர். ரம்மி, போக்கர். கிரிக்கெட் டீம் போடுவது அதில் இல்லவே இல்லை. இருந்த இரண்டையும் அந்த வருஷ நவம்பரில் உயர்நீதிமன்றம் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டது. மூன்று வருஷ உழைப்பின் பலன், காலி அட்டவணை.

மத்திய அரசு இவ்வளவு சிரமப்படவில்லை. முதலில் வசூலித்தது. 2023 அக்டோபர் 1 முதல், ஆடக் கட்டும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி. கையிலிருந்து 100 ரூபாய் போட்டால் ஏறத்தாழ 22 ரூபாய் டாஸ் போடுவதற்கு முன்பே டெல்லிக்கும் சென்னைக்கும் போய்விட்டது. தப்பித் தவறி ஜெயித்தால் நிகர லாபத்தில் 30 விழுக்காடு வருமான வரி பிடித்தம். வல்தாட்டி அடித்தாலும் வரி வரும், அடிக்காவிட்டாலும் வரும். காயம் கிடையாது, ஃபார்ம் இழப்பது கிடையாது, பெஞ்சில் உட்காருவது கிடையாது. ஒவ்வொரு சீசனும் நிலைத்து ஆடிய ஒரே ஆட்டக்காரர் இவர்தான். இவரைக் கேப்டனாகப் போட வழி இல்லாததால்தான் நாம் தோற்றோம்.

வசூல் நடந்துகொண்டிருக்கையிலேயே அரசுக்குத் திடீரென்று மனசாட்சி விழித்தது. 2025 ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது, திறமை என்றாலும் சரி, அதிர்ஷ்டம் என்றாலும் சரி. நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். வருஷத்துக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடியை இழக்கிறார்கள் என்று அரசுத் தரப்பே மதிப்பீடு சொன்னது. மூன்று நாளில் முடிகிற காரியம் என்றால் இத்தனை வருஷம் எதற்கு? அந்த 20,000 கோடி போய்க்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று 28 விழுக்காட்டை எண்ணிக்கொண்டிருந்தது யார்?

தடை வந்த வாரமே காசு ஆட்டம் நின்றது. குழுமத்தின் வருமானத்தில் 95 விழுக்காடு போய்விட்டதென்று ட்ரீம் லெவன் நிறுவனர் ஹர்ஷ் ஜெயினே சொன்னார். அணி அமைக்கும் அறிவுக்கு எந்தத் தடையும் இல்லை, இலவசமாக இன்னும் அமைக்கலாம். தடை காசுக்கு மட்டும்தான். செப்டம்பரில் ஆசியக் கோப்பையை இந்திய அணி நெஞ்சில் விளம்பரம் இல்லாமலே ஆடியது. சில வாரம்கூடத் தாங்கவில்லை. அப்போலோ டயர்ஸ் 579 கோடிக்கு வந்து அந்த இடத்தை நிரப்பியது. வாரியத்துக்கு லாபம். 49 ரூபாய் கட்டித் தோற்றவனுக்கு ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் தம்பியை அதற்காக யாரும் கைவிட்டுவிடவில்லை. அவன் போனில் இப்போது ஆப்ஷன் டிரேடிங் விளம்பரம் வருகிறது. இதில் சூதாட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதலீடு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024இல் கணக்குப் போட்டுச் சொன்னது: மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். வருஷத்துக்குப் பார்த்தால், ஆன்லைன் ஆட்டத்தில் போனதாகச் சொன்ன கணக்கைப்போல் மூன்று மடங்கு. இதற்கு மூன்று நாளில் மசோதா வரவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் பரிவர்த்தனை வரியைத்தான் உயர்த்தினார்கள்.